மெக்ஸிகோவிலிருந்து ஊர் திரும்பும்போது எதை அனுப்புவது, எதை விற்பது?

குவெரேத்தரோ நகரில் மூன்றரை ஆண்டு இருந்துவிட்டு, வரும் மார்ச் கடைசியில் குடும்பத்தோடு கோவைக்குத் திரும்பும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு அங்கே மெக்ஸிகோ நிறுவனத்தின் நேரடிச் சம்பளம். மகன் இரண்டாம் வகுப்பு. கடிதத்திலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். குவாதலஹாராவில் சில ஆண்டுகள் குடித்தனம் நடத்தித் திரும்பியவன் என்பதால், இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு.

கேள்வி: ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், டிவி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. கப்பலில் அனுப்பிவிடலாமா?

ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மைக்ரோவேவையும் அங்கேயே விற்றுவிடுங்கள். மெக்ஸிகோ மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டாரும் கம்ப்ரசரும் உள்ள பொருட்களுக்கு ஹெர்ட்ஸ் முக்கியம். அப்படியே ஓடினாலும், பழுதானால் அந்த மாடலுக்கு இங்கே பார்ட்ஸ் தேட வேண்டிவரும்.

டிவி, லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் போன்றவற்றின் பின்புறம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் இங்கே ஓடும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். 120 அல்லது 127 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டிக்கொண்டிருக்கும் மிக்ஸியை மட்டும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். இங்கே வந்ததும் அது நேரடியாக ஓடும்.

அப்புறம் என்னதான் அனுப்புவது? புத்தகம், துணிமணி, பாத்திரம், குழந்தையின் பொருட்கள். முழு கன்டெய்னர் தேவைப்படாது. பலருடைய சாமான்களோடு சேர்த்து அனுப்பும் முறையில் கன அளவுக்குத்தான் கட்டணம். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள அட்டைப்பெட்டி பத்து சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். முதலில் பெட்டியை எண்ணுங்கள், பிறகு விலை கேளுங்கள்.

ஏமாற்றம் நேர்வது இந்த விலை கேட்கும் இடத்தில்தான். என் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று நிறுவனங்களிடம் விலை வாங்கி, குறைவாகச் சொன்னவரிடம் கொடுத்தேன். அந்தத் தொகை மன்சானியோ துறைமுகத்தில் ஏற்றி சென்னைத் துறைமுகத்தில் இறக்குவது வரைக்கும்தான். இறங்கிய பிறகு டெலிவரி ஆர்டர் கட்டணம், கிடங்குக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி, லாரி வாடகை என்று ஒவ்வொன்றாக வந்தது. கூட்டிப் பார்த்தால், அதிக விலை சொன்ன நிறுவனத்தைவிட எனக்குச் செலவு கூடுதல். ஏனென்றால் அவர்கள் வீடு முதல் வீடு வரை விலை சொல்லியிருந்தார்கள். நான்தான் இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒப்பிட்டுவிட்டேன்.

அதனால் விலை கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள்: இறங்கும் துறைமுகத்துச் செலவு உள்ளடங்குமா? கிடங்கில் எத்தனை நாள் இலவசம்? அதைத் தாண்டினால் நாளுக்கு எவ்வளவு டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம்? இன்ஷூரன்ஸ் முழு மதிப்புக்கா, எடைக்குக் கணக்கிடும் சொற்பத் தொகையா? இன்னொன்று, கோவைக்குச் சென்னையைவிடக் கொச்சி மிகவும் பக்கம். கொச்சி வழியாக என்ன விலை என்றும் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சுங்கத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் 2 ஆண்டுக்கு மேல் தங்கிவிட்டுக் குடிபெயர்ந்து வருபவருக்குப் புழங்கிய வீட்டுச் சாமான்களில் நல்ல சலுகை உண்டு. இடையில் ஊருக்கு வந்துபோன நாட்களையும் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே பழைய பாஸ்போர்ட் உட்பட முத்திரை குத்திய எல்லாப் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சலுகையின் வரம்புத் தொகையை அரசு அவ்வப்போது திருத்தும். பழைய பதிவுகளை நம்பாமல் புறப்படும் மாதத்தில் சுங்கத் துறையின் தளத்திலேயே பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் பட்டியல் எழுதுங்கள். பிரிக்காத புதுப் பொருளைப் புழங்கிய சாமானோடு கலக்காதீர்கள். நீங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்போ, வந்து ஒரு மாதத்துக்குள்ளோ சாமான் அங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு ஒரு மாத வாடகை டெபாசிட் கொடுத்திருக்கிறோம். "எல்லா பில்லும் வந்த பிறகு அனுப்புகிறேன்" என்கிறார் ஓனர். நம்பலாமா?

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மெக்ஸிகோவில் மின்சார வாரியமான சி.எஃப்.இ. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில் அனுப்புகிறது. நீங்கள் மார்ச்சில் கிளம்பினால் கடைசி பில் ஏப்ரலிலோ மேயிலோ வரலாம். ஆனால் அதற்காக மொத்த டெபாசிட்டையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைத் தேதியோடு படம் எடுங்கள். போன வருடம் இதே மாதங்களில் வந்த பில்லைக் காட்டி, அந்த அளவு தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை அன்றே தரச் சொல்லுங்கள். பெரும்பாலான ஓனர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்லுவார்கள். பல ஒப்பந்தங்களில் அது கூடாது என்றே எழுதியிருக்கும். ஓனர் சம்மதித்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். சும்மா வாடகையை நிறுத்தினால், உங்களுக்கு ஜாமீன் நின்ற நண்பரின் கழுத்தைப் பிடிப்பார்கள். அந்த நிலைமையை அவருக்கு உண்டாக்காதீர்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஓனரோ ஏஜென்டோ கூட இருக்கும்போது அறை அறையாக வீடியோ எடுங்கள். "வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், வாடகை பாக்கி இல்லை" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபெகோவிடம் போகலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கடை, தொலைபேசி நிறுவனம், விமான நிறுவனம் மீதான புகார் என்றால் அது நல்ல வழி. தனிநபர் ஓனரோடு வரும் வாடகைத் தகராறோ சிவில் நீதிமன்ற விஷயம். கோவையிலிருந்துகொண்டு ஒரு மாத வாடகைக்காக அந்த வழக்கை யாராலும் நடத்த முடியாது. அதனால்தான் அந்த இரண்டு வரிக் கையெழுத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இன்டர்நெட் இணைப்பில் கட்டாயக் காலம் முடிந்ததா என்று இப்போதே ஒப்பந்தத்தில் பாருங்கள். முடியாவிட்டால் ரத்துக் கட்டணம் வரும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீதும் ரத்து எண்ணும் இல்லாமல் வராதீர்கள். மொட்டைமாடி காஸ் டேங்கை ஜனவரிக்குப் பிறகு முழுதாக நிரப்பாதீர்கள். மிஞ்சும் காஸுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கேள்வி: காரை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். காசோலை தருகிறேன் என்கிறார்.

காசோலை வேண்டவே வேண்டாம். மெக்ஸிகோவில் கார் விற்பவர்களைக் குறிவைத்து நடக்கும் பழைய மோசடி இது. கணக்கில் காசோலையைப் போட்டதும் தொகை வந்ததுபோல் செயலியில் தெரியும். பக்கத்தில் "சால்வோ புவென் கோப்ரோ" என்று இருக்கும், அதாவது காசோலை பாஸானால்தான் உங்கள் பணம். அதைக் கவனிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால், இரண்டு நாளில் காசோலை திரும்பிவிடும், காரும் போய்விடும். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனே வந்துசேரும் ஸ்பெய் பணப் பரிமாற்றம் மட்டும் வாங்குங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காமல் உங்கள் வங்கிச் செயலியில் செலவழிக்கக்கூடிய இருப்பைப் பாருங்கள். முடிந்தால் இருவரும் வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்து முடியுங்கள்.

அங்கே காரின் உரிமைப் பத்திரம் என்பது ஃபாக்தூரா, அதாவது வாங்கிய பில். அதைப் பணம் வந்த பிறகுதான் அவர் பெயருக்கு எழுதித் தர வேண்டும். "கார்த்தா ரெஸ்பொன்சிவா" என்ற பொறுப்பு மாற்றக் கடிதத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு நீங்களே மாநில அலுவலகத்துக்குப் போய் நம்பர் பிளேட்டை ரத்து செய்துவிடுங்கள். வாங்குபவர் பெயர் மாற்றிக்கொள்வார் என்று விட்டால், அவர் வேகமாகப் போனதற்கான அபராதம் உங்கள் பெயரில்தான் ஏறும். காரைக் கொடுத்ததும் இன்ஷூரன்ஸை ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். பிப்ரவரியிலேயே விற்றுவிட்டுக் கடைசி மாதத்தை டாக்ஸியில் ஓட்டுங்கள்.

கேள்வி: சம்பளக் கணக்கை மூடிவிட்டு எல்லாப் பணத்தையும் எடுத்துவந்துவிடலாமா?

இப்போதைக்கு மூடாதீர்கள். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கணக்குக்குப் பணம் வர வேண்டியிருக்கிறது.

வேலையை விடும்போது கணக்கு முடித்துத் தரும் தொகையான ஃபினிகீத்தோவில், ஜனவரி முதல் வேலை செய்த நாட்களுக்கான அகினால்தோ (ஆண்டிறுதி போனஸ்) பங்கு, எடுக்காத விடுப்புக்கான சம்பளம், அதன்மேல் குறைந்தது 25 சதவீத விடுப்புப் படி ஆகியவை இருக்க வேண்டும். அகினால்தோ என்பது சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 15 நாள் சம்பளம். கணக்குத் தாளை முந்தின நாளே கேட்டு வாங்கிச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனம் லாபம் ஈட்டியிருந்தால், போன ஆண்டுக்கான ஊழியர் லாபப் பங்கு மே கடைசிக்குள் வரும். வேலையை விட்டுவிட்டாலும் அது உங்கள் கணவருக்கு உரியது. எச்.ஆரிடம் வங்கிக் கணக்கு எண்ணையும் தனிப்பட்ட மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தனிநபர் வருமான வரிக் கணக்கை ஏப்ரலில் தாக்கல் செய்வார்கள். திருப்பித் தர வேண்டிய வரி இருந்தால், அதுவும் உங்கள் பெயரிலுள்ள மெக்ஸிகோ கணக்குக்குத்தான் வரும். வரித் துறையின் மின் கையொப்பமான இ.ஃபிர்மா 4 ஆண்டுதான் செல்லும். காலாவதித் தேதியை இப்போதே பாருங்கள்.

கணக்கு திறந்திருந்தால் மட்டும் போதாது, வங்கியில் பதிந்த கைபேசி எண்ணும் உயிரோடு இருக்க வேண்டும். பலர் சிம்மை வீசிவிட்டு வந்து, ஓ.டி.பி. வராமல் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். பிரீபெய்ட் எண்ணாக மாற்றி, ஆகஸ்ட் வரையாவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

ஓய்வூதியக் கணக்கான அஃபோரேவைப் பொதுவாக 60 வயதுக்கு முன் முழுதாக எடுக்க முடியாது. அது அங்கேயே இருக்கட்டும். 11 இலக்க சமூகப் பாதுகாப்பு எண், மக்கள் பதிவு அடையாளமான 18 எழுத்து கூர்ப் எண், அஃபோரே அறிக்கை மூன்றையும் அச்செடுத்து ஊர்ப் பத்திரங்களோடு வையுங்கள். இருபது, முப்பது ஆண்டு கழித்து அதைத் தேடப்போவது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

பெசோவை நோட்டாக எடுத்துவராதீர்கள், இங்கே மாற்றுவது கஷ்டம். வங்கி வழியாக அனுப்புங்கள், வழிச்செலவுக்கு மட்டும் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். மெக்ஸிகோவை விட்டு வெளியேறும்போது 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது நோட்டாக மட்டும் 5,000 டாலருக்கு மேல் இருந்தாலே அறிவிக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெக்ஸிகோவில் ஆர்.எஃப்.சி. என்றால் வரி எண். நம் வங்கியில் ஆர்.எஃப்.சி. என்றால் ஊர் திரும்பியவர்கள் வெளிநாட்டுப் பணத்தை அந்நிய நாணயமாகவே வைத்துக்கொள்ளும் கணக்கு. வந்தவுடன், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான உங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை மாற்றச் சொல்லும்போது இந்தக் கணக்கைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: மகனின் பள்ளிச் சான்றிதழ்கள் ஸ்பானிஷில் இருக்கின்றன. கோவையில் வந்து மொழிபெயர்த்துக்கொள்ளலாமா?

மொழிபெயர்ப்பைக்கூட இங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு போட்டுத் தரும் அபோஸ்டில் முத்திரையைத்தான் அங்கே இருக்கும்போதே வாங்க வேண்டும். மெக்ஸிகோவும் இந்தியாவும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், அந்த ஒரு முத்திரையே இங்கே செல்லும். மாநில அரசு ஆவணத்துக்கு மாநில அரசும், மத்திய அரசு ஆவணத்துக்கு மத்திய உள்துறையும் அதைப் போட்டுத் தரும். முதலில் அபோஸ்டில், அதன்பின் மொழிபெயர்ப்பு என்ற வரிசையில் செய்யுங்கள். அபோஸ்டில் தாளும் ஸ்பானிஷில் இருப்பதால் அதையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தவர்கள் இரண்டு முறை பணம் கட்டினார்கள்.

அங்கே கல்வியாண்டு ஜூலையில்தான் முடிகிறது. மார்ச்சில் கிளம்பும் உங்களுக்கு ஆண்டு இறுதி மதிப்பெண் பட்டியல் கிடைக்காது. இதுவரையான மதிப்பெண்ணையும், படித்துக்கொண்டிருந்த வகுப்பையும் குறிப்பிட்டுப் பள்ளியிடம் கடிதம் கேளுங்கள். கோவைப் பள்ளிக்கு இப்போதே மின்னஞ்சல் போட்டு எந்தத் தாளை ஏற்பார்கள் என்று தெரிந்துகொண்டால், தேவையில்லாத தாளுக்கு அபோஸ்டில் செலவு மிச்சம்.

கேள்வி: நினைவுப் பொருளாக என்ன கொண்டுவரலாம்?

புவெப்லாவின் தலவேரா பீங்கான், ஒஹாக்காவின் கறுப்பு மண்பாண்டம், தாஸ்கோ வெள்ளி எல்லாம் பில்லோடு கொண்டுவாருங்கள். பீங்கானைக் கைப்பையில் வையுங்கள். மொல்காஹேத்தே கல் உரல் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நம் வீட்டு அம்மி செய்யாததை அது செய்யாது, விமானத்தில் அதன் எடைக்குப் பணமும் கட்ட வேண்டும். பழங்காலச் சிலை, பானை ஓடு என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். ஸ்பானியர் வருகைக்கு முந்தைய பொருட்களை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போவது 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விதை, செடி, கள்ளிக்கன்றும் வேண்டாம்.

கேள்வி: மருத்துவக் காப்பீடு ஊருக்கு வந்ததும் எடுத்தால் போதுமா?

போதாது, இப்போதே எடுங்கள். இந்தியப் பாலிசிகளில் பொதுவாக முதல் 30 நாள் விபத்து தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்கவும் நேரலாம். உங்கள் கணவருக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதி ஜனவரியிலேயே பாலிசியைத் தொடங்கிவிட்டால், காத்திருப்புக் காலத்தில் மூன்று மாதம் நீங்கள் அங்கே இருக்கும்போதே கழிந்துவிடும்.