வீட்டுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் 160 வீடுகள், 600 பேர் இருக்கிறோம். டேங்க் பழசாகிவிட்டது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கழிவுநீர் தெருவிலேயே தேங்குகிறது. மத்திய அரசு மானியத்தில் புது டேங்கும் பாதாளச் சாக்கடையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். மக்கள் பங்களிப்பு என்று வீட்டுக்கு 2,500 ரூபாய் கேட்கிறார். முன்பணம் 10,000 கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?
- மகளிர் குழுச் செயலாளர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இனி ஒரு ரூபாய்கூட அவர் கைக்குப் போகக் கூடாது.

குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வரும் அரசுப் பணம் அரசுக் கணக்குகள் வழியாகத்தான் நகரும். நடுவில் ஏஜென்ட் என்று ஒரு ஆளுக்கு எந்த விதியிலும் இடமில்லை. "டெல்லியில் ஆள் இருக்கிறார்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் இந்த ஆட்கள் முழுப் பொய் சொல்வதில்லை, பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மக்கள் பங்களிப்பு என்பது உண்மையிலேயே உண்டு. வீட்டுக்கு வீடு குழாயில் குடிநீர் கொடுக்க மத்திய அரசு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்குள் நடக்கும் வேலைகளின் செலவில் 10 சதவீதம் மக்கள் தர வேண்டும் என்பது விதி. ஊருக்குள் 20 லட்சத்துக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். பங்களிப்பு 2 லட்சம், அதாவது வீட்டுக்கு 1,250 ரூபாய். உங்களிடம் கேட்டிருப்பது மொத்தம் 4 லட்சம். எஸ்டிமேட்டே போடாத வேலைக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒரு விதிவிலக்கு. இதை யாரும் ஊரில் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலை, காட்டுப் பகுதி ஊர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கும் பங்களிப்பு 5 சதவீதம்தான். மேலே சொன்ன கணக்கில் வீட்டுக்கு 625 ரூபாய். உங்கள் ஊர் அந்தக் கணக்கில் வருகிறதா என்று மக்கள்தொகை விவரத்தை ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். வருகிறது என்றால் அதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் 10 சதவீதமே கேட்பார்கள். இன்னொன்று, 10 ஆனாலும் 5 ஆனாலும் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பொருளாகத் தரலாம், உடலுழைப்பாகவும் தரலாம். பைப் போடப் பள்ளம் வெட்டினால் அதுவும் பங்களிப்புதான். எந்த வீட்டு ஆள், என்றைக்கு, எத்தனை மீட்டர் வெட்டினார் என்று ஒரு நோட்டில் எழுதி, ஓவர்சியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கையில் காசில்லாத குடும்பங்களை வட்டிக்கு வாங்க வைத்துப் பங்களிப்பு வசூலித்த ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அது விதியும் இல்லை, நியாயமும் இல்லை.

பணமாகக் கொடுத்தால், கிராம குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது வர வேண்டும். அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, யார் யார் என்று முதலில் கேளுங்கள். பல ஊர்களில் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும், பட்டியலில் இருப்பவருக்கே அது தெரியாது.

கழிவுநீர் விஷயத்துக்கு வருகிறேன். 600 பேர் உள்ள ஊருக்குப் பாதாளச் சாக்கடை வராது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிப்படி, 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குக் கழிவுநீர் வேலைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை. உங்கள் ஊருக்கு 1,68,000. அதிலும் 30 சதவீதத்தை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். இந்தப் பணத்தில் தெருமுனையில் உறிஞ்சிக் குழி, வாய்க்கால் முடியும் இடத்தில் கசடு அடியில் தங்குவதற்கு ஒரு மண்டித் தொட்டி, இவ்வளவுதான் முடியும். ஒழுங்காகச் செய்தால் உங்கள் தெருவுக்கு அதுவே போதும். களிமண் நிலமாக இருந்தால் மட்டும் குழி உறிஞ்சாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

சரி, டேங்குக்கும் மேட்டுத் தெருவுக்கும் என்ன செய்வது? கிராம சபைத் தீர்மானம்தான் தொடக்கம். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூடியாக வேண்டும். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அந்தத் தாள் ஃபைலிலேயே தூங்கும். "மாரியம்மன் கோயில் டேங்கிலிருந்து மேட்டுத் தெருக் கடைசி வீடு வரை பைப் மாற்ற வேண்டும், 22 வீடுகளுக்கு இணைப்பு வேண்டும்" என்கிற மாதிரி இடமும் எண்ணும் போட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த வேலை கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில், அதாவது ஊராட்சி வருடா வருடம் போடும் வேலைப் பட்டியலில், ஏற வேண்டும். ஏறியதா என்று இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே பார்க்கலாம். ஒரு பைப் லைனுக்கு எஸ்டிமேட் போட இஞ்சினியர் வந்து நிற்கவே மாதங்கள் ஆகின்றன. ஜனங்கள் ஏஜென்ட்டைத் தேடிப் போவது இந்தத் தாமதத்தால்தான். கேட்டால் "ஒதுக்கீடு வரட்டும்" என்பார்கள். குடத்தோடு அலைகிறவர்களிடம் இந்தப் பதிலைச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ. ஆனாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை போய் நில்லுங்கள், குழுவாகப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊராட்சிப் பணத்தை விடுவிக்கப் பென் டிரைவ் மாதிரி ஒரு டிஜிட்டல் கையெழுத்துச் சாவி இருக்கும். பணியில் இருந்தபோது ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மேசை டிராயரில் மூன்று ஊராட்சிகளின் சாவிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் எழுதிய துண்டுச் சீட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. பாஸ்வேர்டும் அதே சீட்டில். உங்கள் ஊர்ச் சாவி யார் கையில் இருக்கிறது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

கொடுத்த 10,000? ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதினைந்து நாளில் வரவில்லை என்றால் குழுவாகவே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.