பதில்: 1575-இல் மணிலா போகும் சீனர் கடத்தல்காரரா?

உங்கள் நாவலில் 1575-இல் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியானிலிருந்து மணிலாவுக்குப் பட்டு ஏற்றிப் போகிற சீனரைக் கடத்தல்காரர் என்று பிடிப்பது இடிக்கிறது. 1567 வாக்கிலேயே சீனாவை ஆண்ட மிங் அரசு கடல் வணிகத் தடையைத் தளர்த்தி, ஃபூஜியானின் யுவேகாங் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. உரிமச்சீட்டு வாங்கி வரி கட்டினால் போகலாம். ஜப்பானுக்குத்தான் தடை நீடித்தது. ஆள் மாட்டியே ஆக வேண்டுமா? சீட்டில்லாமல் கிளம்பட்டும், இல்லையென்றால் பட்டுக்கு அடியில் ஏற்றுமதிக்குத் தடையுள்ள வெடியுப்பை (வெடிமருந்து செய்யும் உப்பு) ஒளித்திருக்கட்டும்.

அப்புறம், இடைத்தரகர் கேட்டீர்களே, சின்சாய் என்ற சீன வணிகரைப் பாருங்கள், அருமையான பாத்திரம். கடற்கொள்ளையன் லிமாஹோங்கைத் தேடி வந்த மிங் அதிகாரி ஓமோன்கோனுக்கும் மணிலாவை ஆண்ட ஸ்பானியருக்கும் நடுவே நின்றவர். அதே 1575-இல் ஸ்பானியப் பாதிரியார் மார்ட்டின் தெ ராதா ஃபூஜியான் போனபோது கூடவே போனார். ஸ்பானியரிடமிருந்து லிமாஹோங் தப்பியதும் சீனர்–ஸ்பானியர் பேச்சு கசந்தது. வியாபாரம் நிற்கவில்லை, அதனால் உங்கள் அடுத்த அத்தியாயத்துக்குச் சிக்கல் இல்லை.