பழங்காசில் பதிந்த விரல் ரேகையை எப்படி எடுப்பது?

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். காலமான தந்தையாரின் பூஜைப் பெட்டியில், 1862 என்று ஆண்டு பொறித்த ஏழு விக்டோரியா வெள்ளி ரூபாய்களும், 1969-இல் வெளியான காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்றும், பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்ட சில செப்புக் காலணாக்களும் இருந்தனவாம். விக்டோரியா ரூபாய்களில் குங்குமமும் விளக்கு எண்ணெயின் பிசுக்கும் அப்பியிருக்கின்றன. காந்தி நாணயத்தில் பேரப்பிள்ளையின் கட்டைவிரல் ரேகை சென்ற வாரம் பதிந்துவிட்டது. "துலக்கி வையுங்கள், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று தரகர் ஒருவர் சொல்லிப் போயிருக்கிறார். காசு கெடாமல் துலக்குவது எப்படி என்பது ஆசிரியரின் கேள்வி.

ஐயா, துலக்குவது என்னும் சொல்லையே முதலில் மறந்துவிடுங்கள். குத்துவிளக்கைத் துலக்கலாம், செப்புக் குடத்தைத் துலக்கலாம். காசைத் துலக்கக் கூடாது. காசின் மேல் வந்து ஒட்டியதைக் கரைய விடலாம், அவ்வளவுதான் நம்மால் செய்யக்கூடியது. காசின் உலோகமே மாறிப்போயிருக்கும் இடத்தில் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே தேய்த்தால் போவது அழுக்கன்று, காசு.

விரல் ரேகையை எடுத்துக்கொள்வோம். நம் விரலில் எண்ணெய்ப் பசையும் இருக்கிறது, வியர்வையின் உப்பும் இருக்கிறது. பதிந்த சில நாட்களுக்குள் அது காசின் மேல் ஒரு மெல்லிய படலமாக மட்டுமே இருக்கும். கரைப்பானில் போட்டால் பெரும்பாலும் போய்விடும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் உப்பு உலோகத்தோடு வினைபுரிந்து, ரேகையின் ஒவ்வொரு வரியும் பழுப்பாகவோ கருநீலமாகவோ காசுக்குள்ளேயே பதிந்துவிடும். உங்கள் காந்தி நாணயம் 15 கிராம் எடையில் 80 சதவீதம் வெள்ளி. மீதியில் இருக்கும் செம்பு வியர்வைக்கு விரைவில் இடம் கொடுக்கும். மேசை விளக்கின் கீழே நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒளி நகரும்போது மங்கல் தோன்றியும் மறைந்தும் போனால் அது எண்ணெய். எந்தக் கோணத்திலும் வரி வரியாக நிறம் மாறாமல் நின்றால் அது அரிப்பு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் உங்கள் பேரனின் ரேகை முதல் வகையாகவே இருக்கும். ஆகவே இதை இந்த வாரமே செய்யுங்கள், விக்டோரியாக்கள் காத்திருக்கலாம்.

வேண்டிய கரைப்பான் தூய அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி என்று அழகுப்பொருள் கடையில் விற்பதும் அசிட்டோன்தானே என்று பலரும் வாங்கி ஊற்றுகிறார்கள். அதில் நிறமும் மணமும் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும், ரேகையை எடுத்துவிட்டு வேறொரு கறையை வைத்துவிட்டுப் போகும். கல்லூரி ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள் கொடுக்கும் கடையில் ஏ.ஆர். கிரேடு, அதாவது ஆய்வகத்துக்கான தூய தரம், என்று கேளுங்கள். கல்லூரியும் மருத்துவமனையும் நிறைந்த வேலூரில் அத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு தனி மனிதர் போய் 500 மில்லி கேட்டால், லெட்டர் பேடு கொண்டுவந்தீர்களா என்று கேட்பார்கள். நாடு முழுக்கக் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனுக்குத் தடையின்றிக் கிடைக்கிற பொருள்களெல்லாம், பாட்டன் காசைக் காப்பாற்ற நினைக்கும் ஆசிரியருக்கு மட்டும் எட்டாமல் இருப்பது நம் ஒழுங்குமுறையின் சிறப்பு. தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வாங்கியதும் ஒரு சொட்டைச் சுத்தமான கண்ணாடியில் விட்டு ஆவியாக விடுங்கள். சுவடு தங்கினால் அந்தப் புட்டி காசுக்கு ஆகாது.

கழுவ டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், குழாய் நீரில் குளோரின் இருக்கும். பேட்டரிக் கடையில் கேன் கிடைக்கும், ஆனால் லேபிளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அதே அலமாரியில், பார்வைக்கு அதே போன்ற கேனில், பேட்டரிக்கு ஊற்றும் அமிலமும் நிற்கும்.

இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களோ எவர்சில்வர் டம்ளர்களோ எடுங்கள். பிளாஸ்டிக் சில வகை அசிட்டோனில் உருகிவிடும், அந்த உருகல் காசில் ஏறும். கீழே மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், காசு கைநழுவினால் தரையில் விழக்கூடாது. நாணயத்தை விளிம்பில் பிடித்து முதல் கிண்ணத்தில் பத்து நிமிடம் கிடத்தி, ஒருமுறை புரட்டி, பிறகு புதிய அசிட்டோன் உள்ள இரண்டாம் கிண்ணத்தில் ஒரு நிமிடம் அலசி, துண்டின் மேல் சாய்த்து வைத்தால் தானே உலர்ந்துவிடும். துடைக்காதீர்கள், ஊதாதீர்கள், மெல்லிய துணி என்று சொல்லி எதையும் தொடவிடாதீர்கள். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிப்பது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து சென்று எட்ட இருக்கும் தீயையும் பற்றிக்கொள்ளும். கத்திரி வெயில் நாளில் நண்பகலில் இதைச் செய்ய வேண்டாம். காலையில், சன்னலைத் திறந்து வைத்து, சமையலறைக்கும் பூஜை விளக்குக்கும் தொலைவில் செய்யுங்கள்.

விக்டோரியா ரூபாய்களுக்கும் இதே வழிதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். பழைய விளக்கு எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், எனவே சில மணி நேரம் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறட்டும். குங்குமத்தில் உள்ள மஞ்சள் அசிட்டோனில் இறங்கிவிடும். சந்தனமும் விபூதியும் இறங்கா, அவற்றுக்கு டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரவு, பிறகு நீரை விரட்ட மீண்டும் அசிட்டோன். பள்ளத்தில் கொஞ்சம் எஞ்சினால் எஞ்சட்டும். ஊசியால் நோண்டும் கை எங்கே வழுக்கும் என்று நோண்டுகிறவருக்கே தெரியாது.

விபூதியால் தேய்த்து வெள்ளியைப் பளிச்சென்று ஆக்குவது நம் வீடுகளில் பழக்கம். சாணச் சாம்பலில் வைக்கோலின் மணற்சத்து இருக்கிறது. அது நுண்ணிய உப்புத்தாள் போல வெள்ளியைச் சீவும். இது உங்கள் காசுகளுக்கு ஏன் முக்கியம் என்றால், 1862 என்ற அதே ஆண்டை 1874 வரை பொறித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது அச்சடித்தது என்று பிரித்தறியச் சேகரிப்பவர்கள் பார்ப்பது பின்புறத்தில் உள்ள மிகச் சிறிய புள்ளிகளை. விபூதியும் பற்பசையும் முதலில் மழுங்கடிப்பது அந்தப் புள்ளிகளைத்தான். பூந்திக்கொட்டை நீர் சாதுவானதுதான், அதோடு கூட வரும் பொற்கொல்லர் தூரிகை சாதுவன்று. புளியையும் எலுமிச்சையையும் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்த்து வெந்நீரில் போடும் வித்தை கறுப்பை நீக்கும், கூடவே காசின் மினுப்பையும் அடித்துவிட்டுச் செத்த சாம்பல் நிறத்தைத் தரும்.

வெள்ளியின் அந்தக் கறுப்பு அழுக்கென்று எண்ணி அதன்மேல் கை வைக்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடிய படலம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த நம் பகுதியில், தோலின் மயிரை நீக்கச் சல்பைடு பயன்படுத்துவதால், வெள்ளி சற்று முன்னதாகவே கறுப்பதில் வியப்பில்லை. ஒரே சீராக இறங்கிய கறுப்பை விரும்பி வாங்குபவர்கள் உண்டு. காசுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது.

இனி காலணா. செம்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளியில் தப்பித்தவர்கள் எல்லாரும் செம்பில்தான் தவறுகிறார்கள். உறையில் ஒட்டியிருக்கும் பச்சைப் பிசுபிசுப்பு பி.வி.சி. பிளாஸ்டிக்கில் சேர்த்த மென்மையூட்டி கசிந்து வந்தது. அது செம்பை மெல்ல அரிக்கும், ஆகவே எடுத்தே தீர வேண்டும். அசிட்டோன் அதைக் கரைக்கும், தேவைப்பட்டால் அசிட்டோனில் தோய்த்த பஞ்சுக்குச்சியை அழுத்தாமல் உருட்டலாம். அதன் பிறகு பழுப்புக் காசு பழுப்பாகவே வெளியே வரும். அப்போதுதான் சோதனை தொடங்குகிறது: வீட்டில் யாராவது, குடம் போல இதையும் புளி போட்டுத் தேய்த்தால் தகதகக்குமே என்பார்கள். தகதகக்கும், அரை மணி நேரம். அந்தப் பழுப்பு பல ஆண்டுகளில் செம்பு தனக்குத் தானே போர்த்திக்கொண்ட தோல். அதை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது இளஞ்சிவப்பான வெற்று உலோகம், அது ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும், பிறகு எந்த வித்தையாலும் பழைய தோல் வராது. செம்பை நீரில் நெடுநேரம் ஊறவும் விடாதீர்கள். அலசினால் உடனே அசிட்டோனில் முக்கி நீரை விரட்டுங்கள். அசிட்டோனில் கிடக்கும்போது வெயில் படக்கூடாது. வெளிர்பச்சையான தூள் விரலில் ஒட்டும்படி உதிர்ந்து, எடுத்தாலும் மீண்டும் முளைக்குமானால் அது பிசுக்கன்று, குளோரைடு உள்ளே புகுந்த நோய். அந்தக் காசை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப் புட்டியில் அடைத்து மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வையுங்கள். கெட்டியான, வழவழப்பான கரும்பச்சை வேறு, அது பாதுகாப்பான தோல். அதைப் பார்த்துப் பயந்து சுரண்டாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பழைய பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டு, மைலார் என்னும் தெளிந்த பாலியெஸ்டர் தாளில் சன்னல் உள்ள அட்டை உறையில் வையுங்கள்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன், உண்மையில் என்னை இத்தனை நீளமாக எழுத வைத்தவர் அவர்தான். துலக்கித் தாருங்கள் என்று சொல்கிறவரே, துலக்கிக் கொண்டு போனதும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, "ஐயோ, தேய்த்த காசாயிற்றே" என்று உதட்டைப் பிதுக்கி, எடைக்கு வெள்ளி விலை கொடுப்பார். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடை விலை கொடுத்தாலும் அவருக்கு நட்டமில்லை, தேய்க்காத காசென்றால் இலாபம். இன்னொரு வகையினர் தொலைபேசியில் வருவார்கள்: காசுக்கு இலட்சக்கணக்கில் விலை வந்திருக்கிறது, வரியும் பதிவுக் கட்டணமும் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று, சில வேளை ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்லி. பழங்காசு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் ஆட்கள் ஏமாந்துகொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் காசைப் பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்கப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும், அடுத்த மேசைக்காரர் விடுப்பில் இருப்பார்.

ஆகவே காசுகளைத் தரகர் கையில் ஓரிரவும் விடாதீர்கள். கரைக்கும் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, எடையைக் குறித்து வையுங்கள். பார்க்க வேண்டுமானால் அவர் உங்கள் வீட்டு மேசையில், விரித்த துண்டின் மேல், விளிம்பைப் பிடித்துப் பார்க்கட்டும். கட்டைவிரலை முகப்பில் வைத்து எடுப்பவராக இருந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.