டெக்கோபோன் என்பது என்ன பழம்? அது ஏன் அவ்வளவு இனிக்கிறது?

சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூர்க் கடைகளில், காம்புப் பக்கம் கொண்டை போட்டதுபோல் புடைத்த பெரிய ஆரஞ்சு நிறப் பழத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டெக்கோபோன்: கியோமி, பொன்கான் என்ற இரண்டு ஆரஞ்சுக் குடும்ப வகைகளைக் கலந்து 1972இல் ஜப்பானின் நாகசாகியில் உருவாக்கியது. கொரியாவின் ஜேஜு தீவில் இதற்குப் பெயர் ஹல்லாபோங்.

பறித்தவுடன் இது புளிக்கும். சில வாரங்கள் வைத்திருந்தால் அமிலம் குறைந்து, உள்ளே இருக்கும் சர்க்கரை நாக்குக்குத் தெரியவரும். அரிசிப் பானையில் போட்ட மாங்காயைப் பாட்டி தொடவிடாமல் காத்ததும் புளிப்புக் குறையத்தானே! ஜப்பானில் 13 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு) இனிப்பாவது இருந்தால்தான் டெக்கோபோன் என்ற பெயரில் விற்கலாம்.

கொண்டையருகே கட்டைவிரலை நுழையுங்கள். தளர்ந்த தோல் எளிதாகக் கழன்று வரும். கொட்டை அநேகமாக இருக்காது.

கலப்பினம் என்றதும் மரபணு மாற்றிய பழம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்த்துப் பிறந்தது இது, அவ்வளவுதான்.