மானின் மூக்கும் வேடனின் வாடையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பென்சில்வேனியாவின் மலைப்பகுதியில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக உரிமம் பெற்று, அக்டோபர் மாதத்து வில் பருவத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்று வருகிறேன். மணமற்ற சோப்பில் குளிக்கிறேன். கரி பதித்த உடை அணிகிறேன். வாடை நீக்கும் திரவத்தைத் தலை முதல் கால் வரை தெளித்துக்கொள்கிறேன். இருந்தும் மான்கள் அறுபது, எழுபது கஜத் தொலைவிலேயே நின்று, முன்காலால் தரையைத் தட்டி, மூக்கால் சீறிவிட்டு, வாலை உயர்த்தியபடி ஓடிவிடுகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?
— பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் சோப்பு, உடை, திரவம் மூன்றும் இருக்கின்றன. அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, உங்கள் பரண் சரிவின் எந்த மட்டத்தில் இருந்தது என்பது மட்டும் இல்லை. தவறு அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

துப்பாக்கி வேட்டைக்காரர் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தும் சுடலாம். வில்லெடுத்தவரோ பெரும்பாலும் இருபது முதல் முப்பது கஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் அது கலவரமின்றி நிற்கும்போது அம்பு விட்டால்தான் காயத்தோடு ஓடவிடாமல் விரைவில் முடிக்க முடியும். ஆகவே வாடையைப் பற்றிய கவலை வேட்டை கைகூடுவதற்காக மட்டுமன்று, அந்த விலங்கு வீணாக வதைபடக் கூடாது என்பதற்காகவும்தான்.

மனித உடலிலிருந்து தோல் துகள்கள் ஓயாமல் உதிர்கின்றன, வியர்வையை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் வாடை பிறந்துகொண்டே இருக்கிறது, மூச்சும் வெளியேறுகிறது. குளித்து முடித்த அரை மணி நேரத்தில் மலையேறி வியர்த்த பிறகு, எந்தச் சோப்பும் இதை நிறுத்திவிடாது. வாடையை ஒழிக்க முடியாது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அது எங்கே போகிறது என்பதை மட்டுமே உங்களால் தீர்மானிக்க முடியும்.

மலையில் இதற்குத் தனிக் கணக்கு உண்டு. காற்று வீசாத நாளிலும் அங்கே காற்று நகர்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனமடைந்து சரிவிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். வெயில் பட்டுச் சரிவு சூடேறியதும் அதே காற்று மேல்நோக்கி எழும்பும். மாலையில் நிழல் விழுந்ததும் மீண்டும் இறங்கத் தொடங்கும். மான் நடமாடும் தடத்துக்கு மேலே காலையில் பரண் அமைப்பது நல்லது என்று பலரும் சொல்வது இதனால்தான். ஆனால் அந்த யோசனை வெயில் சரிவைத் தொட்ட பிறகே செல்லும். இருட்டு கலையும் முன்பே மேலே ஏறி அமர்ந்தவரின் வாடை முதல் ஒரு மணி நேரம் நேராகக் கீழே உள்ள மானின் மூக்குக்கே போய்ச் சேர்கிறது. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாக இருக்கலாம். மாலை வேட்டைக்குத் தடத்துக்குக் கீழே அமருங்கள். இரண்டு சரிவுகள் கூடும் குறுகிய பள்ளத்தில், மான் தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், பரண் கட்டாதீர்கள். அங்கே காற்று சுழன்றுகொண்டே இருக்கும்.

காற்றைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் மில்க்வீட் என்ற செடியின் பஞ்சு விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அது நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. சிறுவயதில் நாம் ஊதிப் பறக்கவிட்ட எருக்கம்பஞ்சைப் போலவே மிதந்து செல்லும். பொடி தெளித்துப் பார்த்தால் உங்கள் அருகில் உள்ள காற்று மட்டுமே தெரியும். பஞ்சோ முப்பது, நாற்பது கஜம் தாண்டி எங்கே திரும்புகிறது, எங்கே கீழே அமிழ்கிறது என்பதையும் காட்டிவிடும். பரணில் அமர்ந்து அரை மணிக்கு ஒரு முறை ஒன்றை விடுங்கள். அது மான் வரும் பக்கம் சென்றால், தயங்காமல் இறங்கி வேறிடம் செல்லுங்கள். முதிர்ந்த ஆண் மான் ஓர் இடத்தை அணுகும் முன் காற்று வாக்கில் வளைந்து வந்து மோப்பம் பிடிக்கும் என்பதால், அது வளைந்து வரக்கூடிய பக்கத்தில் ஆறோ செங்குத்துச் சரிவோ இருக்கும் இடமே சிறந்தது.

கரி பதித்த உடையைப் பற்றி ஒரு சொல். கரி வாடையைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் நிரம்பிவிட்ட கரியைத் தொழிற்சாலைகளில் முழுமையாகப் புதுப்பிக்க எழுநூறு டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகிறது. வீட்டுத் துணி உலர்த்தியில் அந்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட அரிதாகவே கிடைக்கும். உடையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதை நம்பிக் காற்றை மறந்துவிடாதீர்கள் என்கிறேன். வாடையை அழிக்கும் என்று விற்கப்படும் ஓசோன் கருவியை வாங்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு.

குறைந்த செலவில் உண்மையான பயன் தருபவை சில உண்டு. வேட்டை உடையைச் சமையலறைப் பக்கமோ காரிலோ வைக்காமல் மூடியிட்ட பெட்டியில் வைத்து, காட்டோரம் சென்று மாற்றுங்கள். தோல் காலணிக்குப் பதில் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். மெல்லிய உடையில் மெதுவாக நடந்து சென்று, கனமான உடையைப் பரணுக்குச் சென்றபின் போட்டுக்கொண்டால் வியர்வை குறையும். மான் தடத்தைக் குறுக்கே கடக்காத பாதையைத் தேர்ந்தெடுங்கள். பரணில் ஏறத் தொடங்கும் கணத்திலிருந்து இறங்கும்வரை பாதுகாப்புப் பட்டையைக் கட்டியிருங்கள்.

கேள்வி: கடைகளில் மான் சிறுநீர் புட்டியில் விற்கிறார்களே, அதைத் தெளித்தால் மனித வாடை மறையுமா?
— டெக்சாசிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மறையாது. மான் இரண்டு வாடையையும் தனித்தனியே அறியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட, மான்களை மெலிவித்துக் கொல்லும் மூளை நோய் பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. அதற்கு மருந்து இல்லை. நோய்ப்பட்ட மானின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் அந்த நோய்க்காரணி வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இயற்கையான மான் சிறுநீரைச் சில மாநிலங்கள் தடை செய்திருப்பது இதனால்தான். உங்கள் பகுதியின் விதி எதுவாக இருந்தாலும், அந்தப் புட்டியைக் காட்டுக்குள் கொண்டுசெல்லாதீர்கள்.