ருவாண்டா 4, அமெரிக்கா 49: எதை நம்புவது?

வணக்கம். பாலின சமத்துவப் பட்டியல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். உலகப் பொருளாதார மன்றத்தின் 2017 பட்டியலில் ருவாண்டாவுக்கு 4-ஆவது இடம், அமெரிக்காவுக்கு 49. ஜப்பான் அதே மன்றத்தின் 2024 பட்டியலில் 118-இல் கிடக்கிறது, ஐ.நா. பட்டியலிலோ முப்பதுக்குள் வந்துவிடுகிறது. ஆளுக்கொரு கணக்கு சொன்னால் எதை நம்புவது? பேசாமல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம் போலிருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு பட்டியலும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன, கேள்வியை விட்டுவிட்டு இடத்தை மட்டும் செய்தியாக்குவதால்தான் இவ்வளவு குழப்பம்.

மன்றம் 2006 முதல் பொருளாதாரம், கல்வி, உடல்நலம், அரசியல் என்ற நான்கிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் அளக்கிறது. இருவரும் எவ்வளவு நன்றாக வாழ்கிறார்கள் என்பது அதன் கணக்கில் இல்லை. நூறு பையன்களில் 40 பேரும் நூறு பெண்பிள்ளைகளில் 40 பேரும் மட்டுமே பள்ளிக்குப் போகும் நாட்டுக்கு அந்த அளவுகோலில் முழு மதிப்பெண், அதாவது 1. பையன்கள் 98, பெண்பிள்ளைகள் 95 என்றால் 0.97தான். பெண்கள் ஆண்களை முந்திவிட்டாலும் 1-ஓடு நிறுத்திவிடுவார்கள், அதனால் பல்கலைக்கழகத்தில் பையன்கள் பின்தங்குவது இதில் தெரியவே தெரியாது.

ருவாண்டா மேலே வந்ததில் பெரும்பங்கு நாடாளுமன்றத்துக்கு. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு வந்த 2003 அரசியலமைப்பு பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் என்றது, 2008-இல் உலகிலேயே முதல்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையான நாடாளுமன்றம் அங்கேதான் அமைந்தது. அது உண்மையான சாதனை, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஜப்பான் கதை வேறு. 2010-இல் தொடங்கிய ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் குறியீடு, மகப்பேற்றில் இறக்கும் தாய்மார்களையும் பதின்வயதுப் பிரசவங்களையும் சேர்த்துக்கொள்கிறது. இரண்டுமே ஜப்பானில் மிகக் குறைவு, ஆகவே மேலே ஏறிவிடுகிறது. ஆனால் இந்த இரண்டுக்கும் ஆண்கள் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. நல்ல மருத்துவமனை இருப்பதும் சமத்துவம் இருப்பதும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றன, ஏழை நாடு இதில் இரண்டு முறை அடிவாங்குகிறது. அதே ஜப்பானில் 2021 தேர்தலில் கீழவைக்குப் போன பெண்கள் பத்து சதவீதம்கூட இல்லை. மன்றத்தின் பட்டியலில் அது கீழே போவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

நாடாளுமன்றத்தில் பெண்களுக்குக் கிடைத்த இருக்கைகளை எண்ணினால் அதிகாரத்தை எண்ணியதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மன்றத்தில் 40 பேர், பாதிப்பேர் நியமன உறுப்பினர்கள், அது ஆலோசனை மட்டுமே சொல்லும் அவை. அதில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று 2018 இறுதியில் ஆணை வந்ததும் ஐ.நா. கணக்கில் பெண்களின் நாடாளுமன்றப் பங்கு அப்படியே எகிறியது.

எனக்கு உண்மையில் ஆதங்கம் வேறொன்றில். வீட்டுக்குத் தேவையானதை மட்டும் தன் வயலில் விளைவிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வரையறையில் அவள் வேலையில் இருப்பவள். 2013-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதுதான் வேலைவாய்ப்பு என்று வரையறையை மாற்றியது. அவள் அதே வயலில் அதே களையைத்தான் பிடுங்குகிறாள், ஆனால் புதிய கணக்கில் வேலையில் இல்லாதவள் ஆகிவிட்டாள். அந்த மாநாடு இதைத் தனி வகை உழைப்பாக அங்கீகரித்தது, சரி. ஆனால் பட்டியல்கள் எடுத்துக்கொள்வது, வேலையில் இருப்போரையும் வேலை தேடுவோரையும் மட்டும் எண்ணும் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தைத்தானே.

அப்புறம் வீட்டுக்குள் நடப்பது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2018 மதிப்பீட்டில், சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்த மூன்று மணி நேர வித்தியாசம் நீங்கள் சொன்ன இரண்டு பட்டியலின் மதிப்பெண்ணிலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குறியீடு நேரத்தைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது, அதனால் அதன்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த பட்டியல் வரும்போது இடத்தைத் தாண்டி அந்த நாட்டின் பக்கத்துக்கே போய், எந்த அளவுகோலில் மதிப்பெண் ஏறியது, எதில் இறங்கியது, தரவு எந்த வருடத்தது என்று பாருங்கள். யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கேட்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எத்தனையோ நாடுகள் ஒழுங்காக நடத்துவதில்லை. அதை நடத்தச் சொல்லி அரசுகளிடம் கேட்க வேண்டியது நாம்தான்.