பாலம் இறங்கியதும் ஏன் நிற்கிறோம்?

கேள்வி: மேடவாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். மேம்பாலத்தில் ஏறி இறங்க இரண்டு மூன்று நிமிடம்தான். அப்புறம் சிக்னலில் மூன்று பச்சை விழுந்தால்தான் கடக்க முடிகிறது. அங்கேயும் ஒரு பாலம் கட்டினால் சரியாகிவிடுமா சார்?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: சரியாகாதும்மா. நிற்கிற இடம்தான் மாறும்.

நான் சாலைப் பொறியாளராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்திப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டி எண்ணுவேன். நான்கு கோடு, குறுக்கே ஐந்தாவது. தடையில்லாமல் ஓடினால் ஒரு லேனில் மணிக்குச் சுமார் 1,800 கார் போகும். அதே லேனுக்கு 120 விநாடிச் சுற்றில் 30 விநாடிதான் பச்சை என்றால் 450 கார்தான் தாண்டும். பாலம் வண்டிகளை அந்த 450-ன் வாசலில் சீக்கிரம் கொண்டுவந்து குவிக்கிறது, அவ்வளவுதான்.

கத்திப்பாரா வேறு கதை. 2008-ல் திறந்த அந்தப் பாலத்தில் வலப்பக்கம் போக வேண்டியவர்களும் பாலத்தைத் தாண்டி இடப்பக்கமாகவே வளைந்து போகிறார்கள். சிக்னலே தேவையில்லை. அதற்கு எவ்வளவு நிலம் பிடித்திருக்கிறது என்று ஆலந்தூரில் மெட்ரோவிலிருந்து பாருங்கள். வீடும் கடையும் நெருக்கியடிக்கும் சந்திப்பில் அதற்கு வழியில்லை.

நான் எண்ணிய ஒரு சந்திப்பில் மூன்று லேன் இருந்தும் இரண்டுதான் ஓடியது. நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் பஸ் ஸ்டாப், அதை ஒட்டி ஷேர் ஆட்டோக்கள். பஸ்ஸைக் குறை சொல்லவே மாட்டேன். மூன்று கார் நிற்கிற இடத்தில் அறுபது பேரைச் சுமக்கிற வண்டி அது. ஸ்டாப் இருந்த இடம்தான் தப்பு. சந்திப்பைத் தாண்டித் தள்ளி வைக்கச் சொல்லி எழுதினோம். ஆறு மாதம் இழுத்து, ஒருவழியாக மாற்றினார்கள். மறுவாரம் அதே ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு பச்சைக்கு ஒன்பது, பத்து வண்டி கூடுதலாகப் போனது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் எந்தப் பாலத் திறப்பு விழாவிலும் இருந்ததில்லை.

உங்கள் சிக்னலில் இடப்பக்க லேனை எது அடைக்கிறது? பஸ் ஸ்டாப்பா, நிறுத்திவைத்த காரா, தோண்டி மூடாத பள்ளமா? மூன்று நாள் காலையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதென்றால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, நடைபாதையில் நின்று எடுங்கள். அதை மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் எழுதி அனுப்புங்கள். எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.